ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து

அண்ணனின் மனநோய்க்கான மாத்திரை அட்டை பதினோரு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள்: ரிஸ்பெரிடோன் 3 மி.கி., ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி. முதலாவதை மட்டும்தான் நான் மருந்தாக நினைத்திருந்தேன். இரண்டாவது ஏதோ துணைக்கு வந்தது என்று விட்டுவிட்டேன்.

அந்தத் துணை எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நோய் தொடங்கிய புதிதில் அண்ணனுக்கு ஹாலோபெரிடால் என்ற வேறொரு மனநோய் மருந்தைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மாலை அவர் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்கள் இரண்டும் மேலே செருகி நின்றன. பேச நாக்கு வரவில்லை, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. வலிப்பு என்று நினைத்து அலறிக்கொண்டு போனோம். ஒரு ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் கழுத்து நேராகிவிட்டது. அந்த அரை மணி நேரத்தைப் பார்த்தவர்கள் துணை மருந்தைப் பற்றிக் குறை சொல்லவே மாட்டார்கள்.

பிறகு ஒரு மருத்துவர் விளக்கினார். காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவற்றை அடக்கும் மருந்துகள் மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. நம் உடல் அசைவைச் சீராக்கும் பகுதியிலும் அதே டோபமைன்தான் இருக்கிறது. அங்கே அது அடங்கினால், அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் அசிடைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருள் ஓங்கிவிடும். கை நடுக்கம், உடல் விறைப்பு, உணர்ச்சியே காட்டாத முகம், கழுத்து இழுத்துக்கொள்வது எல்லாம் அதனால் வருபவை. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அந்த அசிடைல்கோலினைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. அதாவது முதல் மருந்து நோய்க்கு, இரண்டாவது மருந்து முதல் மருந்துக்கு.

சரி, இதில் என்ன சிக்கல்? அசிடைல்கோலினும் உடலெங்கும் வேலை செய்கிறது. எச்சில் சுரக்க, குடல் நகர, சிறுநீர் இறங்க, வியர்க்க, கண் பக்கத்துப் பொருளைக் கூர்ந்து பார்க்க, எல்லாவற்றையும் விட நினைவில் வைத்துக்கொள்ள அது வேண்டும். அண்ணனுக்கு எந்நேரமும் வாய் காயும். பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில். பல் சொத்தை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் கெடும் என்று பல் மருத்துவர் சொல்லித்தான் தெரியும். மலச்சிக்கலை நாங்கள் யாரிடமும் சொல்லவே இல்லை. மனநல மருத்துவரிடம் போய் யாராவது மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவார்களா என்று இருந்துவிட்டோம். பேச வேண்டும், முதலில் அதைத்தான் பேச வேண்டும்.

மறதிதான் என்னை உலுக்கியது. சொன்னதையே திரும்பக் கேட்பார். செய்தித்தாளை மடியில் வைத்திருப்பார், பக்கம் திரும்பாது. நோய் முற்றுகிறது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டோம். நான் மட்டும் மருந்துத் தாளைப் படித்துவிட்டு, இந்த இரண்டாவது மருந்துதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டதோடு நின்றிருக்கலாம். காலை மாத்திரையை நானே நிறுத்தினேன்.

கூட்டு மாத்திரையில் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது என்ற எளிய உண்மை அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் நிறுத்தியது இரண்டையும். மூன்றாம் நாள் அண்ணனுக்குக் குமட்டல், வியர்வை, தூக்கமே இல்லை. அசிடைல்கோலினை அடக்கும் மருந்தைச் சட்டென்று குறைத்தால் இப்படி வரலாமாம். பத்தாம் நாள், "சுவருக்கு அந்தப் பக்கம் என்னைப் பத்திப் பேசுறாங்கடா" என்றார். பல வருடமாகக் கேட்காத வாக்கியம். அன்றே பழைய அளவுக்குத் திரும்பினோம். அவர் தேற ஒன்றரை மாதம் ஆனது.

அப்புறம் வந்த புதிய மருத்துவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கழுத்து இழுத்தது எப்போ? அதுக்கப்புறம் வந்துச்சா?" வரவில்லை. அப்படியானால் அந்த மருந்து இன்னும் தேவையா என்று பார்த்திருக்க வேண்டும் என்றார். இதைத் தடுப்புக்காக எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1990லேயே சொல்லியிருக்கிறது. அசைவுத் தொந்தரவு வந்தவர்களுக்குக் கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எங்களை யாரும் மறுபடி பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரே மாத்திரை என்பதன் வசதி அது, ஆபத்தும் அதுதான்.

அவர் மாத்திரையைப் பிரித்தார். ரிஸ்பெரிடோன் அதே அளவில் தனியாக. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் தனியாக, மாதத்துக்கு அரை மாத்திரை, அதாவது 1 மி.கி., குறைத்தபடி. நான் ஒரு நோட்டில் கை நடுக்கம், நடை, தூக்கம், மலம் என்று தினமும் எழுதினேன். சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் மிகச் சரியான அளவுகோல். அதைக் கண்டுபிடித்தது அண்ணன்.

அந்த மருத்துவர் எச்சரித்தவற்றில் சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். குறுகிய கோண கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் ஆகாது. புரோஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். வயதானவர்களுக்குக் குழப்பம் சீக்கிரம் வரும். சளிக்கு நாமாக வாங்கிப் போடும் சில மாத்திரைகளும், குளோர்ஃபெனிரமின் போன்றவை, இதே வேலையைச் செய்வதால் இரண்டும் சேர்ந்து பாரமாகும். வியர்வை குறைவதால் கடும் வெயிலில் உடல் சூடு ஏறிவிடும். வருடக்கணக்கில் மருந்து எடுத்தபின் உதடும் நாக்கும் தானாக மெல்லுவதுபோல் அசைந்தால் அதற்கு இந்தத் துணை மருந்து உதவாது, கூட்டவும் செய்யலாம். கடும் காய்ச்சல், மரக்கட்டை போன்ற விறைப்பு, நினைவுத் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது முதல் மருந்தால் அரிதாக வரும் ஆபத்து. மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நான்கு மாதத்தில் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் முழுக்க நின்றது. எல்லோருக்கும் இப்படி நிற்காது. சிலருக்கு நடுக்கம் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அண்ணனுக்கும் வலது கட்டைவிரலில் லேசான நடுக்கம் வந்தது. அதற்காக மருத்துவர் ரிஸ்பெரிடோனை நாளுக்கு 6 மி.கி.யிலிருந்து மெல்ல 4க்கு இறக்கினார். நடுக்கம் முழுதாகப் போகவில்லை. "இது இருந்துட்டுப் போகட்டும், வாய் காயாம இருக்கே" என்கிறார்.

செய்தித்தாள் இப்போது மூன்றாம் பக்கம் வரை போகிறது. விளையாட்டுச் செய்திகளை என்னிடம் வாசித்துக் காட்டுகிறார், எனக்கு அதில் ஆர்வம் இல்லை என்று தெரிந்தும்.