பன்னிரண்டு ஷீட்டை ஒன்றாக்கினேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் பதினெட்டு வருடமாகச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். போன வருடம் எங்களில் ஐந்து பேரை மூன்று நாள் எக்செல் உயர்நிலைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிவட் டேபிள் (நீளமான தரவைத் தொகுத்துக் கூட்டிக் காட்டுவது), விலுக்கப் (பட்டியலில் தேடி எடுக்கும் ஃபார்முலா) எல்லாம் எனக்குக் கைப்பழக்கம். புதிதாக நாலு ஃபார்முலா கற்றுக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன்.

மாதாமாதம் கையால் சரிசெய்கிற ஃபைல் ஒன்றை, பெயர்களை மறைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர். என்னுடையது மார்ச் முதல் பிப்ரவரி வரை பன்னிரண்டு ஷீட். இங்கே சம்பள வரி ஆண்டு அப்படித்தான். இரண்டடுக்குத் தலைப்பு, இணைத்த செல்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் நடுவே ஒரு கூட்டுத்தொகை. அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளுக்கு ஒரு மாதம் என்றால் ஒரே வரிசை. மாதம் ஒரு நெடுவரிசையில் இருக்கட்டும். கூட்டுத்தொகை எதுவும் இதில் வேண்டாம்" என்றார். எனக்கு மனசே வரவில்லை. மேலாளர் பார்த்துப் பழகிய வடிவம் அது. ஆனால் முதல் நாள் முழுக்க அந்த ஒரு வேலைதான் செய்தோம். தரவைச் சேர்த்துச் சீராக்க எக்செலிலேயே இருக்கும் பவர் குவெரி என்ற கருவியில் பன்னிரண்டையும் அடுக்கி ஒரே அட்டவணையாக்கியதும், பல வருடமாகக் கையால் போட்ட ஆண்டுத் தொகை ஒரு பிவட்டில் வந்து நின்றது.

அடுத்த நாள் அடையாள எண். இங்கே அது 13 இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி, ஆண்டில் தொடங்கும். 2003-இல் பிறந்த பிள்ளைக்கு 03 என்று ஆரம்பிக்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். நான் பூஜ்யம் தெரிகிற மாதிரி செல்லின் ஃபார்மட்டை மட்டும் மாற்றிவந்தேன். அது வெளித்தோற்றம்தான், உள்ளே எண் அப்படியே இருக்கிறது. எது எண், எது எழுத்து என்று பவர் குவெரி தானாகவே முடிவுசெய்து சேர்க்கும் வகைமாற்றப் படியை நீக்கிவிட்டு, அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று சொல்லிவிட வேண்டும். எவ்வளவு சின்ன விஷயம்! இளம் பிள்ளைகள் வேலைக்குச் சேரச் சேர எனக்கு வேலை கூடியதற்குக் காரணம் இதுதான்.

தென்னாப்பிரிக்கக் கணினி அமைப்பில் தசமத்துக்குக் கமா. வருகைப்பதிவு மென்பொருளோ புள்ளி வைத்து அனுப்பும். 1250.50 என்று வந்தது எண்ணாகாமல் எழுத்தாகவே உட்கார்ந்துவிடும், கூட்டினால் சேராது. நான் புள்ளியைக் கமாவாக மாற்றிக்கொண்டிருந்தேன். இந்த நெடுவரிசை எந்த நாட்டு வழக்கில் எழுதியது என்று பவர் குவெரியிடம் ஒருமுறை சொன்னால் போதும். அந்த இடத்தில் பக்கத்திலிருந்த பெண், "அக்கா, இதுக்காகவா நாம ராத்திரி வரைக்கும் உக்காந்தோம்?" என்றாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் கொஞ்சம்தான் வரும். இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

மூன்றாம் நாள் எக்ஸ்லுக்கப், விலுக்கப் செய்கிற வேலையைச் செய்யும் புதிய ஃபார்முலா. நன்றாகவே இருந்தது, நடுவில் ஒரு நெடுவரிசை சேர்த்தாலும் விலுக்கப் மாதிரி உடையாது. ஆனால் எனக்கு அதைவிட உதவியது, விகிதங்களைத் தனி அட்டவணையில் வைப்பது. வேலையின்மைக் காப்பீட்டுக்கு ஊழியரிடம் 1% பிடிக்கிறோம். அதற்கான மாதச் சம்பள உச்சவரம்பு 2021 ஜூனில் 14,872 ராண்டிலிருந்து 17,712 ராண்டுக்கு உயர்ந்தது. அன்றைக்கு ஒவ்வொரு ஃபார்முலாவுக்குள்ளும் போய்த் திருத்தினேன். இப்போது எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று ஒரு வரிசை சேர்த்தால் சரி.

திரும்பி வந்ததும் பழைய ஃபைலைத் தூக்கிப் போடவில்லை. மூன்று மாதம் இரண்டையும் சேர்த்தே ஓட்டினேன். மாதக் கணக்கை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வரித்துறைக்கு அனுப்ப வேண்டும், அதில் துணிச்சல் காட்ட முடியாது. முதல் மாதம் தொகை ஒத்துவரவில்லை. புதியதில்தான் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். தப்பு பழையதில் இருந்தது: புதிதாகச் சேர்ந்த ஒருவரின் வரிசை, பிரிவுக் கூட்டுத்தொகையின் வரம்புக்கு வெளியே விழுந்திருந்தது. முந்தின மாதங்களையும் திறந்து பார்த்து, மேலாளரிடம் சொல்லித் திருத்தினோம். மூன்றாவது மாதம் இரண்டும் சதம் பிசகாமல் ஒத்துவந்தன. அன்று மாலைதான் பழைய ஃபைலை மூடினேன்.