பொகவந்தலாவையில் ஒரு தேத்தண்ணி

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் பொகவந்தலாவை பஸ் ஏறினால், டிக்கோயா தாண்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கும். அந்த வழியில்தான் வார்லி கிறிஸ்து ஆலயம். 1878இல் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய கல் கோயில். நீர்த்தேக்கம் வந்தது 1960களில்தான் என்றாலும், இரண்டும் ஒன்றாகவே பிறந்தவை போல இருக்கும். கொஞ்ச நேரம் ஜெபித்துவிட்டு நானும் மனைவியும் அடுத்த பஸ் பிடித்தோம்.

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில்தான் நின்று பார்க்க ஆசை. புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் இறந்து, கணவரோடு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். இங்கிலாந்தில் பெரிய பெரிய ஆட்களைப் படம் பிடித்தவர், இலங்கைக்கு வந்தபின் இங்குள்ள எளிய மக்களையும் எடுத்தார். அந்தப் படங்கள் பலவற்றில் இருப்பவர் யார் என்று பெயர் இல்லை. துரைமாருக்குக் கல்லறையில் பெயர், ஊர், வசனம் எல்லாம் இருக்கிறது. அந்த மலைகளில் தேயிலை நட்டு மாண்டவர்களுக்கு எங்கே கல்?

வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பாதையோரத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்.

"நனையாதீங்க தம்பி, உள்ள வாங்க. பொஞ்சாதியையும் கூட்டிட்டு வாங்க."

ஒரே அறை. சுவரில் மாரியம்மன் படம். கொழுந்தெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காயவில்லை. எங்களைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, ஷோகேஸைத் திறந்து, பூப்போட்ட இரண்டு கோப்பைகளை எடுத்துக் கழுவினார். தனக்கு மட்டும் சில்வர் டம்ளர். ரொட்டியும் கட்டச்சம்பலும் வேறு.

"இன்னைக்கு கொழுந்து இல்ல, அரைப்பேருதான் போட்டாங்க" என்றார் சாதாரணமாக. அரைநாள் கூலிதான் என்று அர்த்தம். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கு வருடக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. கிடைக்கும் சம்பளத்திலும் இப்படிப் பாதி போகிறது. அறுவடை செய்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வேதாகமத்தில் யாக்கோபு எழுதியதை நம் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. விசுவாசத்தைப் பற்றிக் கேட்டது ஏராளம்.

அதே யாக்கோபு, பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்மாட்டில் இடம் என்று பிரிக்காதே என்கிறார். கொழும்பில் எங்கள் சொந்தக்கார வீடொன்றில் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு இருந்தாள். குடும்ப ஜெபத்துக்கு அவளையும் கூப்பிடுவார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோரும் சோபாவில், அவள் குசினி வாசலில் தரையில். அவளுடைய தகரக் கோப்பை தனியாக ஜன்னலில் இருக்கும். அந்த வீட்டில் யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

நாங்கள் கோயிலுக்கு வந்தவர்கள் என்று தெரிந்ததும் அந்த அம்மா கேட்டார்: "நீங்க வேதக்காரங்களா? என் மூத்தவளும் கொழும்புல வேதக்கார வீட்லதான் வேலைக்கு நிக்கிறா. நல்லவங்கதானே தம்பி?"

எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. மனைவிதான் கேட்டாள்: "தீபாவளிக்கு அனுப்புறாங்களாம்மா?"

"பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

மனைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். "அந்த வீட்டு நம்பரைச் சொல்லுங்கம்மா, நான் பேசுறேன்."