மகள் கையில் ஒரு நத்தை ஓடு

தீபாவளி என்றால் எங்களுக்கு அப்பத்தா வீடுதான். காரைக்குடியிலிருந்து கிளம்பும்போதே மகள் வெடி கேட்டு அழுதாள். அப்பத்தா ஊரான கொள்ளுகுடிப்பட்டியில், கண்மாயில் கூடு கட்ட வரும் பறவைகளுக்காக யாரும் வெடி போடுவதில்லை. "பேறுகாலத்துக்கு வந்த பொண்ணுகடி அதுக. பச்சப்புள்ளக்காரி வீட்டுல வெடி போடலாமா?" என்றார் அப்பத்தா. பிள்ளை ஒரு மத்தாப்போடு சமாதானமாகிவிட்டாள்.

காலையில் சித்தப்பா எங்களை வயலுக்குக் கூட்டிப்போனார். வரப்பில் கிடந்த நத்தை ஓட்டை எடுத்து மகள் கையில் வைத்தார். ஓடு உடையவே இல்லை. மூடி மட்டும் கழன்றிருக்க, உள்ளே சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தது. நத்தைகுத்தி நாரையின் வேலை. மூடின அலகுக்கு நடுவே ஒரு சந்து தெரியுமே, அந்தப் பறவை. கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுத் தசையை அறுத்துச் சதையை முழுசாக உருவிவிடும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும். வரப்பில் பொந்து போடுகிற நண்டையும் அது விடுவதில்லை.

கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் கூடுகள். சுற்றிலும் தண்ணீர் நின்றால் நாயும் பூனையும் அண்டாது. எச்சம் விழுந்து கிளையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அது தண்ணீரில் கரைந்து பாசியாகி, பூச்சியாகி, மீனாகிறது. மிச்சம் மடை வழியே நெல்லுக்குப் போகிறது. இந்தப் பாசனத்தில் யூரியா குறைவாகத்தான் போடுகிறேன் என்கிறார் சித்தப்பா.

1977இல் இந்தக் கண்மாயையும் பக்கத்து இரண்டு கண்மாய்களையும் சேர்த்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்கள். மூன்று கண்மாய்களும் சேர்ந்து நாற்பது ஹெக்டேர்கூட வராது. ஆனால் நாரை இரை தேடுவது எல்லைக்கல்லுக்கு வெளியே, எங்கள் வயல்களில். அங்கே நஞ்சு தெளித்துவிட்டு இங்கே மரத்துக்குக் காவல் போட்டு என்ன புண்ணியம்? மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியே வந்து சேராவிட்டால் கூடு கட்டவே வராது. வறண்ட வருஷத்தில் அந்த மரங்கள் வெறுமனே நிற்பதைப் பார்த்திருக்கிறேன், வயிற்றைப் பிசைந்தது.

மறுநாள் சித்தப்பா மண்வெட்டியோடு வரத்துக்காலுக்குக் கிளம்பினார். நானும் போனேன். சீமைக்கருவேல் வேர் லேசில் வரவில்லை. மதியத்துக்குள் இருபதடி தூரம்தான் சுத்தமானது. கரையில் உட்கார்ந்திருந்த மகள், ஓட்டைக் காதில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே போன நாரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.