ரெண்டு மாசம் ஹைதராபாத்: செலக்‌ஷன் மெயிலுக்கும் ரூம் சாவிக்கும் நடுவுல

போன வாரம் மட்டும் நாலு ஜூனியர் பிள்ளைங்க மெசேஜ் பண்ணியிருந்தாங்க. எல்லாரும் கேட்டது ஒண்ணுதான், அக்கா ப்ராஜெக்ட் எப்படி இருந்துச்சு, கைடு எப்படி, பேப்பர் வருமா. ஒருத்தி கூட அக்கா பக்கெட் எங்க வாங்குனீங்கன்னு கேக்கல. நானும் போன வருஷம் இப்படித்தான் இருந்தேன், அதனால சொல்றேன், ப்ராஜெக்டை உங்க கைடு பாத்துக்குவாரு, பக்கெட்டை நீங்கதான் பாக்கணும்.

தெரியாதவங்களுக்கு முதல்ல விஷயத்தைச் சொல்லிடுறேன். பெங்களூர்ல சி.வி. ராமன் 1934-ல ஆரம்பிச்ச இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில ஒண்ணு, பிரயாக்ராஜ்ல ஒண்ணு, இந்த மூணு அகாடமியும் சேர்ந்து வருஷா வருஷம் கோடை லீவுல காலேஜ் பசங்களுக்கு சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப் குடுக்கறாங்க. எட்டு வாரம். நாட்டுல ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துலயோ ஆராய்ச்சி நிறுவனத்துலயோ ஒரு விஞ்ஞானிகிட்ட உங்களை விடுவாங்க, நீங்க அங்கேயே தங்கி வேலை பாக்கணும். நவம்பர் மாசமே அப்ளிகேஷன் போட்டுடணும், வாத்தியார்கிட்ட ரெக்கமண்டேஷன் வாங்கணும், அதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். எனக்குக் கிடைச்சது ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், கச்சிபௌலி. 2025 மே 19 திங்கக்கிழமை சேரணும்.

மெயில் வந்த அன்னைக்கு வீட்டுல கேசரி கிண்டுனாங்க. அடுத்த நாளே அம்மா ஆரம்பிச்சாச்சு, "அங்க யாரு இருக்கா நமக்கு, தெலுங்குல்லா பேசுவாங்க, நீ சாப்பாட்டுக்கு என்ன செய்வ?" அப்பா ஒண்ணும் சொல்லல, ரயில் டைம்டேபிள் மட்டும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல அப்பா பண்ணதுதான் சரின்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

ரயில் கதைக்கே வர்றேன். ரிசர்வேஷன் முன்னாடி 120 நாளுக்கு முன்னால திறப்பாங்க, 2024 நவம்பர் 1-லேருந்து அதை 60 நாளாக்கிட்டாங்க. அப்படின்னா மே 17-க்கு மார்ச் 18 காலைல 8 மணிக்கு உக்காந்திருக்கணும். நான் என்ன பண்ணேன்னா, கைடு தேதியை கன்ஃபர்ம் பண்ணட்டும் பண்ணட்டும்னு ஏப்ரல் வரைக்கும் சும்மா இருந்தேன், அவருக்கு நான் மெயிலே போடல, அவரா போடுவாருன்னு நினைச்சுக்கிட்டு. அவரா போடுவாரா, அவருக்கு ஆயிரம் வேலை. கடைசியில நான் மூணு வரி எழுதினேன், அன்னைக்கு சாயங்காலமே பதில் வந்துருச்சு. அந்த மூணு வரியில என்ன கேக்கணும்னா, எந்தத் தேதி சேரலாம், தங்க ஹாஸ்டலுக்கு நான் யாருக்கு எழுதணும், லேபுக்கு என்ன கொண்டு வரணும். அவ்ளோதான். உங்க வாழ்க்கை லட்சியம் எல்லாம் அந்த மெயில்ல வேண்டாம்.

டிக்கெட் எடுக்கப் போனா சார்மினார் எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட். மே மாசம், கல்யாணக் கூட்டம், லீவுக் கூட்டம், வேற எப்படி இருக்கும். ஆன்லைன்ல எடுத்த வெயிட்டிங் டிக்கெட் சார்ட் போடும்போதும் கன்ஃபர்ம் ஆகலைன்னா தானா கேன்சல் ஆயிடும், அதை வச்சுக்கிட்டு ஏறவும் முடியாது, அதனால கடைசி நாள் வரைக்கும் வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டே இருந்துச்சு. கடைசியில எனக்கும் கூட வந்த அப்பாவுக்கும் ரெண்டும் ஆர்ஏசி, அதாவது ஒரு பெர்த்துல ரெண்டு பேர் உக்காந்து வரணும். நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி கிளம்பி காலைல தாம்பரம், ஒரு பகல் முழுக்க அங்க ஒரு சொந்தக்காரங்க வீட்டுல, சாயங்காலம் சார்மினார், ஒரே சைடு லோயர் சீட்டுல நானும் அப்பாவும் எதிரும் புதிருமா. அப்பா விடிய விடிய உக்காந்துக்கிட்டே வந்தாங்க, கேட்டா "எனக்குத் தூக்கம் வரல"ன்னாங்க. வரும், ஏன் வராது.

அதுக்கு முன்னால காகிதக் கதை இருக்கு, அதுதான் பெரிய கதை. தேவைப்படுறது இவ்ளோதான்: காலேஜ்லேருந்து போனஃபைடு (இங்கதான் படிக்கறோம்கற சர்டிஃபிகேட்), என்ஓசி (நாம போறதுல ஆட்சேபணை இல்லைங்கற லெட்டர்), ஆதார் காப்பி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு எட்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். கேக்கறதுக்குச் சின்னதாத்தான் இருக்கு. எங்க காலேஜ் ஆபீஸ்ல (பேரெல்லாம் வேண்டாம்) என்ஓசின்னா என்னன்னே முதல்ல புரியல, "நீ டிசி வாங்கிட்டுப் போறியா"ன்னு கேட்டாங்க. விளக்கிச் சொன்னா ஹெச்ஓடி கையெழுத்து வேணும்னாங்க, ஹெச்ஓடி போட்டா பிரின்சிபால் கையெழுத்து வேணும்னாங்க, பிரின்சிபால் லீவு. செமஸ்டர் முடிஞ்சா காலேஜே காத்து வாங்கும், அப்புறம் சீல் யார்கிட்ட இருக்குன்னு தேடிக்கிட்டு அலையணும். அதனால செலக்‌ஷன் மெயில் வந்த வாரமே, எக்ஸாம் டைம்டேபிள் வர்றதுக்கு முன்னாடியே, லெட்டரை நீங்களே டைப் பண்ணி எடுத்துட்டுப் போய் கையெழுத்தை மட்டும் வாங்குங்க. ரெண்டு ஒரிஜினல் வாங்குங்க, ஒண்ணு லேபுக்கு, ஒண்ணு ஹாஸ்டலுக்கு.

பேங்க் அக்கவுண்ட் விஷயத்துல நான் பட்டது இன்னும் கேவலம். பத்தாங் கிளாஸ் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காக ஊர்ல ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல, காலேஜ்ல எல்லாத்துக்கும் அப்பா ஜிபே. ரெண்டு வருஷம் நம்ம பக்கத்துலேருந்து போடல் எடுக்கல் எதுவுமே இல்லைன்னா அந்த அக்கவுண்டை செயல்படாத கணக்குன்னு ஒதுக்கி வச்சிருவாங்க, மறுபடியும் கேஒய்சி குடுத்து எழுப்பணும். உதவித்தொகை உங்க பேர்ல இருக்கற அக்கவுண்ட்டுக்குத்தான் வரும், அப்பா அக்கவுண்ட்டுக்கு வராது. போய்க் கேட்டா ஆதார்ல என் இனிஷியல் பின்னாடி, பாஸ்புக்ல முன்னாடி, அதுக்கொரு லெட்டர். மூணு தடவை நடந்தேன் அந்த வெயில்ல. இன்னைக்கே உங்க அக்கவுண்ட்ல நூறு ரூபா போட்டு நூறு ரூபா எடுத்துப் பாருங்க, உயிரோட இருக்கான்னு.

கையில காசு. இதை யாரும் சொல்லித் தரல. ஃபெலோஷிப்புன்னா சேர்ந்த அன்னைக்கே காசு குடுப்பாங்கன்னு நினைச்சுடாதீங்க, எந்த ப்ரோக்ராம்ல போனாலும் பொதுவா சேர்ந்ததுக்கு கைடு கையெழுத்துப் போட்ட பேப்பர் போகணும், அப்புறம்தான் நம்ம நம்பர் வரும். ரயில் செலவும் பின்னாடிதான், அதனால டிக்கெட் பிரிண்டை பத்திரமா வைங்க. முதல் மாசத்தை நம்ம காசுல ஓட்டுற மாதிரிதான் கிளம்பணும். நான் பன்னெண்டாயிரம் கொண்டு போனேன், மெஸ் அட்வான்ஸ், ரூம் வாடகை, மெத்தை, பக்கெட், ஆட்டோன்னு முதல் வாரத்துலயே பாதி காலி.

இப்போ நான் பண்ண பெரிய முட்டாள்தனம். ஞாயித்துக்கிழமை போய் இறங்குனேன். திங்கக்கிழமை சேரணும்னா ஞாயிறு போறதுதானே நியாயம்னு தோணும், ஆனா ஞாயித்துக்கிழமை ஆபீஸ் எங்க இருக்கும்? ஹாஸ்டல் அலாட்மென்ட் லெட்டர் திங்கக்கிழமைதான் கைக்கு வரும், லெட்டர் இல்லாம யாரும் சாவி குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது. நானும் அப்பாவும் ரெண்டு பேக், ஒரு அட்டைப்பெட்டியோட மெயின் கேட்ல நிக்கோம். உள்ள போனா அது காலேஜ் மாதிரியே இல்ல, காடு. ஆரம்பத்துல 2,300 ஏக்கர் குடுத்து 1974-ல தொடங்குன இடம், நம்ம ஊர் காலேஜ் கேம்பஸை நினைச்சுக்கிட்டு நடந்துறலாம்னு நினைச்சா நாக்கு தள்ளிடும். மேல வெயில், சுத்தி யானை படுத்திருக்கற மாதிரி பெரிய பெரிய பாறை, எங்கயோ மயில் கத்துது. அப்பா மட்டும் "நல்ல காத்தோட்டமாத்தான் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே பெட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க.

அன்னைக்கு என்னைக் காப்பாத்துனது ஒரு தென்காசி அக்கா. பிஎச்டி பண்றவங்க, எங்க மேம் முன்னாடியே நம்பர் குடுத்திருந்தாங்க, நான் கூச்சப்பட்டு ஒரு தடவை கூட பேசல. அன்னைக்கு வேற வழியில்லாம போன் பண்ணேன், பத்து நிமிஷத்துல வந்துட்டாங்க, யார்கிட்டயோ சொல்லி அனுமதி வாங்கி அன்னைக்கு ராத்திரி கெஸ்டா தங்க வச்சாங்க. நீங்க எங்க போனாலும் சரி, அங்க இருக்கற ஒரு தமிழ் ஸ்காலர் நம்பரை முன்னாடியே பிடிச்சு வச்சுக்கோங்க, ஒரு வணக்கமாவது போட்டு வைங்க. அப்பாவுக்கு அங்க தங்க இடமில்ல, லேடீஸ் ஹாஸ்டல்ல அப்பாவாவே இருந்தாலும் வாசல் வரைக்கும்தான், கெஸ்ட் ஹவுஸ்னா முன்னாடியே புக் பண்ணணும். கேன்டீன்ல ஒரு டீ குடிச்சுட்டு, "பூட்டு இருக்கால்லா, ராத்திரி உள்ள தாப்பா போட்டுக்கோ"ன்னுட்டு அதே சாயங்காலம் சார்மினார்லயே திரும்பிப் போயிட்டாங்க. அன்னைக்காவது படுக்க பெர்த் கிடைச்சுதான்னு போன்ல கேட்டேன், கிடைச்சுதாம்.

என்ன கொண்டு போகணும்னு கேட்டா, பூட்டு முதல்ல. ரெண்டு பூட்டு, ரூமுக்கு ஒண்ணு, அலமாரிக்கு ஒண்ணு. ஹாஸ்டல் ரூம்ல கட்டில் மேஜை இருக்கும், மெத்தை இருக்கும்னு நம்பாதீங்க, நான் லிங்கம்பள்ளி மார்க்கெட்ல ஒரு மடிக்கற மெத்தை வாங்குனேன். பக்கெட், மக், கயிறு எல்லாம் அங்கேயே வாங்கலாம், ரயில்ல தூக்கிட்டுப் போகாதீங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கண்டிப்பா, பிளக் பாயின்ட் எப்பவும் கட்டிலுக்கு எதிர்ப் பக்கம்தான் இருக்கும், அது என்ன சாபமோ. கெட்டில் எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால கேட்டுக்கோங்க, நிறைய ஹாஸ்டல்ல விட மாட்டாங்க. வெட் லேப்னா, அதான் கெமிக்கல் கையாளுற லேப்னா, லேப் கோட்டும் மூடுன ஷூவும், செருப்போட உள்ள விட மாட்டாங்க, நான் முதல் நாள் தென்காசி அக்கா ஷூவை ரெண்டு சாக்ஸ் போட்டு மாட்டிக்கிட்டுப் போனேன். குடையும் வேணும், மே மாசம் வெயிலுக்கு, ஜூன் பாதிக்கு மேல மழைக்கு.

அம்மா ரெண்டு கிலோ இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் கட்டிக் குடுத்தாங்க. தெலுங்கு ஊருக்குப் பொடி கொண்டு போறது கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதைதான். அங்க மெஸ்ல டேபிளுக்கு டேபிள் கந்திப் பொடின்னு பருப்புப் பொடி இருக்கு, கோங்கூரா பச்சடின்னு புளிச்சக்கீரைத் தொக்கு இருக்கு, பப்புன்னு கெட்டியா ஒரு பருப்பு இருக்கு. காரம்தான் முதல் வாரம் கண்ணுல தண்ணி வர வச்சிடுச்சு, தயிரை வச்சு சமாளிச்சேன். எங்க அம்மா பொடியை ஒரு ஒடிசா பொண்ணு சாதத்துக்கு மேல சாம்பார் மாதிரி கொட்டிச் சாப்பிட்டே தீர்த்தா.

பஸ்ல ஒரு கூத்து. அங்கயும் பெண்களுக்கு பஸ் ஃப்ரீன்னு கேள்விப்பட்டு நம்ம ஊர் பிங்க் பஸ்ல ஏறுற மாதிரி ஜம்முன்னு ஏறி உக்காந்துட்டேன். கண்டக்டர் ஆதார் கேட்டாரு, குடுத்தா திருநெல்வேலி. அங்க அந்தத் திட்டம் தெலங்கானாவைச் சேர்ந்த பெண்களுக்கு மட்டும்தான், கார்டுல அந்த ஊர் முகவரி இருக்கணும். தெலுங்குல ஏதோ சொன்னாரு, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, சில்லறை இல்லாம நான்தான் திருதிருன்னு முழிச்சேன். சிட்டிக்குள்ள போக லிங்கம்பள்ளியிலேருந்து எம்எம்டிஎஸ் லோக்கல் ரயில் இருக்கு, அது இன்னும் மலிவு.

நாலாவது வாரமே ஒரு ரிப்போர்ட் கேப்பாங்க, எட்டாவது வாரம் இன்னொண்ணு, அதுக்கு கைடு ஊர்ல இருக்காரான்னு பாத்துக்கோங்க, கோடையில அவங்களும் கான்ஃபரன்ஸ் போவாங்க.

திரும்பி வர்றப்பவும் டிக்கெட்டை கோட்டை விட்டேன், திருந்துனா நான் நானா? ஜூலை 12-க்கு தட்கல் போடலாம்னு 11-ம் தேதி காலைல 11 மணிக்கு உக்காந்தா, ஜூலை 1-லேருந்து ஆதார் சரிபார்க்காத ஐஆர்சிடிசி கணக்குல தட்கல் எடுக்க முடியாதாம். என் கணக்குல சரிபார்க்கல. தென்காசி அக்கா கணக்குலதான் எடுத்தோம். அந்தக் காலைல ஹாஸ்டல் நோ ட்யூஸ், மெஸ் பாக்கி, லேப் சாவின்னு ஓடிக்கிட்டே இருந்தேன், இதையெல்லாம் ரெண்டு நாள் முன்னாடியே முடிச்சிருக்கலாம்.

மெத்தையையும் பக்கெட்டையும் அக்கா ரூம்லயே விட்டுட்டு வந்தேன். பக்கெட் நீலக் கலர், கைப்பிடி ஒரு பக்கம் கழண்டிருக்கும், துணிக் கயிறு கட்டி வச்சிருக்கேன். உங்கள்ல யாருக்காவது ஹைதராபாத் விழுந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, அக்காகிட்ட சொல்லி வைக்கிறேன், புதுசு வாங்காதீங்க.