அரைப் போத்தல் தண்ணீர்

மட்டக்களப்பில், சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தை மெஷினால் சுத்தம் செய்கிற டயலிசிஸ் பிரிவொன்றில் தாதியாக வேலை பார்க்கிறேன். காலையில் போனதும் ஒவ்வொருவருடைய கையையும் தொட்டுப் பார்ப்பேன். நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்த இடத்தில் விரலை வைத்தால், தோலுக்கடியில் இரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரியும். பூனைக்குட்டியின் நெஞ்சில் கை வைத்தது போல இருக்கும். அந்த அதிர்வு நின்றுபோனால் அந்தக் கையில் ஊசி ஏற்ற முடியாது.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து ஒரு அம்மா வருவார். விடியப் புறப்பட்டு, மண்டூர்த் துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகேறி, குருமண்வெளிக்கு வந்து பஸ் பிடிப்பார். கிழமைக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம்.

ஊசி குத்துவதை அவர் பெரிதாக எடுப்பதில்லை. தாகம்தான் அவரை வாட்டியது. சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீர் அப்படியே தங்கி, காலில் வீங்கி, நெஞ்சில் ஏறி மூச்சை முட்டும். அதனால் நாளைக்கு அரை லீற்றர்தான் அவருக்கு அனுமதி. அதை மருந்துக் கோப்பையால் அளந்து, வாயில் வைத்திருந்து வைத்திருந்து விழுங்குவார். பக்கத்தில் நிற்கிற மெஷினுக்குள்ளே அவருக்காக ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லீற்றர் தண்ணீர் ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, காய்ந்த உதட்டோடு, கண்ணை மூடிப் படுத்திருப்பார்.

நோயாளியிடம் வந்து "கடவுள் சோதிக்கிறார்" என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2004 டிசம்பர் 26இல் நாவலடியில் என் தம்பியைக் கடல் கொண்டுபோனபோதும் அதைத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு கோயிலில் கை கூப்புவேன், உள்ளே ஒரு சொல்லும் வராது. கேட்கக் கூடாது என்றொரு பிடிவாதம். வருசக்கணக்காக அப்படியே இருந்தேன்.

ஒருநாள் அந்த அம்மாவின் உதடு அசைவதைப் பார்த்து, "என்னம்மா கேட்டுக் கும்பிடுறீங்க?" என்றேன்.

"இப்ப ஒண்டும் கேக்கிறல்ல புள்ள. முந்திக் கேட்டன், சுகத்தத் தா எண்டு. தரல்ல. மறுகா ஏசினன். அழுது அழுது ஏசினன். அதுக்குப் பிறகுதான் அம்மாள் கிட்ட வந்தா. இப்ப நா வறண்டா 'தாயே' எண்டு கூப்பிடுவன். அவவும் எரிஞ்சவதானே. தாகம் தெரியும். வந்து பக்கத்தில இரிக்கா."

எங்கள் ஊர்ப்பக்கத்தில் கண்ணகி அம்மன் கோயில்கள் வைகாசியில்தான் திறக்கும். மதுரையை எரித்தவளின் வெப்பம் தணியக் குளிர்த்தி பாடி முடிப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த சடங்குதான். கோபத்தோடு நிற்கிற தாய்க்கு முன்னால் நாமும் கோபத்தோடு போய் நிற்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை.

அந்த வருசம் குளிர்த்தி முடிந்து வந்தவர், கடதாசியில் மடித்த ஒரு கொத்து வேப்பிலையை என் கையில் வைத்தார். அன்று இரவு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொல்லி அம்மாளை ஏசினேன். நிறைய நேரம் ஏசினேன். முடிந்தபோது வேப்பிலை கைக்குள் கசங்கி மணத்தது. அறையில் நான் தனியே இல்லை என்று பட்டது. இதை வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இப்போதும் காலையில் ஒவ்வொரு கையாகத் தொடுகிறேன். அதிர்வு விரலில் தட்டுப்படுகிற வரைக்கும் இரண்டு செக்கன் போகும். அந்த இரண்டு செக்கனும் என் வாய் "தாயே" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.