புது இன்ஜின், பழைய முட்கள்: மீட்டர் வேலை இதுவரை

இன்ஜின் உட்கார்ந்தாச்சு, ஸ்டார்ட் ஆயாச்சு, வண்டி ஓடவும் ஓடுது. ஆனால் டேஷ்போர்டில் ஒரு முள்ளும் சரியாகக் காட்டவில்லை. பழைய ஷெவ்ரலே பிக்கப்பில் கார்புரேட்டர் வி8ஐ இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரால் இயங்கும் எல்எஸ் வகை 5.3 லிட்டர் வி8 இன்ஜினை ஏற்றியிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் டிஜிட்டல் மீட்டர் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆரஞ்சு முட்கள் இல்லாவிட்டால் அது என் வண்டியே இல்லை.

பழைய மீட்டருக்குத் தெரிந்தது ஓம் கணக்கு, அதாவது சென்சாரின் மின்தடை மட்டும்தான். புது இன்ஜினின் ஆயில் சென்சாரோ 5 வோல்ட்டில் இயங்கி, வோல்ட்டாகவே பதில் சொல்கிறது. அதை மீட்டரோடு இணைத்துப் பயனில்லை. அதனால் இசிஎம்முக்கு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்கு) அதன் சென்சார்களை விட்டுவிட்டு, மீட்டருக்குப் பழைய சென்சார்களையே தனியாகப் பொருத்துவது என்று முடிவு செய்தேன்.

வெப்ப மீட்டர் சீக்கிரம் முடிந்தது. வலது பக்க சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் எம்12x1.5 அளவு மரையில் ஒரு பிளக் இருக்கிறது. அதைக் கழற்றி, அடாப்டர் வைத்துப் பழைய சென்சாரை ஏற்றினேன். ஃபயர்வாலுக்கும் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடு) ஹெட்டுக்கும் நடுவே கை நுழைவதே பாடு. கண்ணுக்குத் தெரியாமல் விரலால் தடவித்தான் மரையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு மரை வழியாகத்தான் எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி கிடைக்கிறது. அதனால் டெஃப்லான் டேப்பைத் தவிர்த்து, சீலன்ட் மட்டும் கொஞ்சம் தடவினேன். இப்போது இன்ஜின் சூடாகி, ஸ்கேனரில் இசிஎம் 90 டிகிரி காட்டும்போது முள் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

ஆயில் மீட்டர்தான் மூன்று சாயங்காலத்தை எடுத்துக்கொண்டது. இந்த இன்ஜினில் ஆயில் சென்சார் இன்டேக்குக்குப் (இன்ஜினுக்குள் காற்று போகும் பகுதி) பின்னால் ஒளிந்திருக்கிறது. அங்கே இன்னொன்றுக்கு இடமில்லை. ஆயில் ஃபில்டருக்கு மேலே உள்ள மூடித் தகட்டுக்குப் பதில் துளையுள்ள தகடு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து சின்ன ஹோஸ் இழுத்து, சென்சாரை ஒரு பிராக்கெட்டில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஓடவே இல்லை, முள் நேராகக் கடைசிக் கோட்டில் போய் நின்றது!

மீட்டர் போச்சு என்றே நினைத்தேன். ஒயரைக் கழற்றி பாடியில் தொட்டதும் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. அப்படியானால் மீட்டர் நல்ல மீட்டர். மல்டிமீட்டரை சென்சார் உடம்புக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வைத்தேன், தொடர்பே இல்லை. ரப்பர் ஹோஸ் மின்சாரத்தைக் கடத்தாது, பிராக்கெட்டிலோ தடிமனான பெயின்ட். எர்த் அறுந்தால் இந்த மீட்டருக்கு அது முழு பிரஷர் மாதிரிதான் தெரியும். நினைத்தாலே பயமாக இருக்கிறது: ஆயில் துளிகூட இல்லாமல் ஓடினாலும் முள் மேலே நின்றுகொண்டு எல்லாம் நலம் என்றிருக்கும். சென்சாரில் ஒரு கிளாம்ப் மாட்டி, பிளாக்குக்குத் தனி எர்த் ஒயர் இழுத்த பிறகு சாவி போட்டால் பூஜ்யம், ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) 35 பிஎஸ்ஐ பிரஷர். அந்த 35ஐ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இந்த அனுபவம் பெட்ரோல் மீட்டருக்கும் உதவியது. அது காலி டேங்குக்கு 0 ஓம், முழுசுக்கு 90 ஓம் என்ற கணக்கு. டேங்க் பாதிதான் இருந்தது, முள் எஃப் தாண்டி நின்றது. மறுபேச்சில்லாமல் டேங்கிலிருந்து சேஸிஸுக்கு எர்த் போட்டேன், பாதிக்கு இறங்கியது.

இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்று சொல்லும் டேக்கோமீட்டர் சரிபாதி காட்டியது, ஐடிலில் 300 சொச்சம். வி8 டேக்கோவுக்குச் சுற்றுக்கு 4 துடிப்பு வேண்டும், இசிஎம் அனுப்புவது 2. டியூனிங் மென்பொருளில் அந்த அவுட்புட்டை மாற்றியதும் ஆர்பிஎம் ஸ்கேனரோடு ஒத்துப்போகிறது.

பாக்கி ஸ்பீடோமீட்டர். பழையது கேபிளில் சுற்றுவது. புது கியர்பாக்ஸில் கேபிள் மாட்ட இடமே கிடையாது, பின்பக்கம் ஸ்பீடு சென்சார் மட்டும்தான். சிக்னலை வாங்கி மோட்டாரால் கேபிளைச் சுற்றும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதைச் சீட்டுக்கு அடியில் வைக்க அளவெடுத்துவிட்டேன். அதுவரை வேகம் பார்ப்பது போன் ஜிபிஎஸ்ஸில்தான்.