கடல் தூண்டிலுக்கு முதலில் எதை வாங்குவது?

செஷல்ஸ் நாட்டின் அல்போன்ஸ் தீவுக்கு, செயற்கை ஈயை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் செய்யப் போகும் பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர், எந்தக் கருவிக்கு முதலில் செலவு செய்வது என்று கேட்டிருந்தார். தயங்காமல், நூலைச் சுற்றி வைக்கும் ரீலுக்கு என்பேன். முழங்கால் அளவு நீரில் மேயும் போன்ஃபிஷ், தூண்டிலில் மாட்டியதும் நூறு மீட்டர் நூலையும் இழுத்துக்கொண்டு ஆழத்தை நோக்கி ஓடக்கூடியது என்பதால், உப்பும் மணலும் புகாதபடி மூடப்பட்ட டிராக்கும் (ஓடும் நூலுக்குப் பிரேக் போடும் பகுதி), வீசும் நூலுக்குப் பின்னால் கட்டும் பேக்கிங் நூல் 200 கஜம் கொள்ளும் இடமும் ரீலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கம்பு 9 அடி நீளத்தில் 8ஆம் எண் போதும்; எண் கூடக் கூடக் கம்பின் வலுவும் கூடும். பெரும்பாரைக்கு மட்டும் 12ஆம் எண் தனியே வேண்டும்.

வீசும் நூலில்தான் பலர் கவனம் வைப்பதில்லை. குளிர்நாட்டு ஆறுகளுக்கென்று செய்த நூல் அந்த வெயிலில் துவண்டு, கம்பின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு, வீச்சின் தூரத்தைக் குறைத்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சிறிது நேரம் விரித்துப் போட்டு, விரலிடுக்கில் உருவிப் பார்த்தாலே அந்தப் பிசுபிசுப்பு தெரியும். ஆகவே வெப்பமண்டலக் கடலுக்கென்றே செய்த விறைப்பான நூலை வாங்குங்கள்.

மீனைக் கண்ட பிறகே ஈயை வீச வேண்டும் என்பதால், நீரின் மேல் கூசும் ஒளியைத் தடுக்கும் செம்பு நிறப் போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் நீரில் இறங்குவதில் பயனில்லை. கிரேஸி சார்லி, கிளவுசர் மின்னோ என்ற வகை ஈக்களைப் பல எடைகளில் வைத்துக்கொள்ளுங்கள். நீர் குறையக் குறைய எடை குறைந்த ஈயே நல்லது. பவளக்கல் கிழிக்காத கெட்டியான பூட்ஸும் வேண்டும்.

அங்கே காற்று ஓயாது. கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக் காற்று இருக்கும்போதே, அதை எதிர்த்து ஒரு திடலில் தினமும் வீசிப் பழகுங்கள், அண்ணாச்சி.